எட்டு எழுத்தும் ஒன்றாக எரியும் நாள்

ஆகஸ்ட் 7, வியாழன்

போர்டு முடிந்தது! என் கடையில், என் பொறுப்பில், நான் ஒருத்தியாகச் செய்த முதல் போர்டு. லாண்டரிக்காரருடையது. கடைப்பெயர் 'பளிச்சு பளிச்சு'. எண்ணிப் பார்த்தால் எட்டு எழுத்து. ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம், வெள்ளை அக்ரிலிக், உள்ளே எல்.இ.டி.

மனிதர் கேட்டது லேசுப்பட்ட வேலை இல்லை. எட்டு எழுத்தும் தனித்தனியாக மின்ன வேண்டுமாம், எந்த இரண்டும் ஜோடி போட்டு ஆடக் கூடாதாம், தூறல் விழுகிற மாதிரி இங்கொன்று அங்கொன்றாக விழ வேண்டுமாம், நடுநடுவே பெயர் முழுசாகவும் தெரிய வேண்டுமாம். முதலில் 2, 4, 6, 8 என்று விநாடிக் கணக்கு வைத்துப் பார்த்தேன். சரிப்படவில்லை. நாலு எரியும்போதெல்லாம் ரெண்டும் கூடவே பல்லைக் காட்டிக்கொண்டு எரிகிறது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. ஒன்றை ஒன்று வகுக்காத எண்களாக இருந்தால் ஒட்டிக்கொள்ளாது. பகா எண்களாகப் பொறுக்கினேன். முதல் 'பளிச்சு'வுக்கு 2, 3, 5, 7. இரண்டாவதற்கு 11, 13, 17, 19. முதல் ப இரண்டு விநாடிக்கு ஒருமுறை எரியும், ளி மூன்றுக்கு ஒருமுறை, அப்படியே போய் கடைசி சு பத்தொன்பதுக்கு ஒருமுறை. எரிந்தால் ஒரு விநாடிதான். உள்ளே இருக்கும் சர்க்யூட் விநாடிகளை எண்ணிக்கொண்டே போகும், யார் முறையோ அவரை எரிய விடும்.

ஸ்விட்சைப் போட்டதும் எட்டும் ஒருசேர எரிந்து அணைந்தன. ஒரு விநாடி இருட்டு. பிறகு ப, ளி, ச், சு என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டி, பத்தொன்பது விநாடியில் பெயரையே எழுதி முடித்தன. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி அதே அழகு. இப்படியே பத்துப் பன்னிரண்டு தடவை போட்டுப் போட்டு ரசித்தேன். பெருமை பிடிபடவில்லை.

அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லலாமா? வேண்டாம். பத்து வருடம் அவன் கடையில் நம்பர் பிளேட் எழுதினேன். தனிக்கடை போடுகிறேன் என்றதும் அவன் கத்தவில்லை, திட்டவில்லை. "மூணு மாசம், நாலு மாசம். அதுக்கு மேல தாங்க மாட்டே. சாவி ஒண்ணு உங்கிட்டயே இருக்கட்டும், வந்துடு" என்றான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நண்பகல் பன்னிரண்டு அடிக்கும்போது திறப்பு. லாண்டரிக்காரரின் மனைவிதான் ஸ்விட்சைப் போட்டாள். அவளை எல்லோரும் லாண்டரி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. எட்டும் எரிந்தன, ஆனால் உச்சி வெயிலில் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கைதட்டினார்கள். நானும் தட்டிவிட்டு, சாப்பிட வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போர்டின் அடியில் சின்னதாக என் கடைப்பெயர். நான்கு தடவை திரும்பிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வாய், வாய், வாய். இந்த வாயை என்ன செய்தால் தகும்.

காலையிலேயே லாண்டரிக்காரர் போன். போனேன். தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார், கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட முகம். நேற்று மாலையிலிருந்து கடைப்பெயர் ஒருமுறைகூட முழுசாக எரியவில்லையாம். ப மட்டும் எரிகிறது, ளி எரிகிறது, சில நேரம் மொத்தமாக இருட்டு. அதைவிட மோசம், மூன்றாவதும் நாலாவதும் மட்டும் சேர்ந்து எரிந்து 'ச்சு' என்று நிற்கிறதாம்.

"என் கடையைப் பாத்து என் போர்டே ச்சு கொட்டுதும்மா" என்றார்.

எதிர் சலூனில் பாதி ஷேவிங்கில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மணி நேர வேலை சார், எண்களை மாற்றித் தருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், இதெல்லாம் உங்கண்ணன்கிட்டயே கொடுத்திருக்கணும், தெரியாத்தனமா உங்ககிட்ட வந்துட்டேன் என்றார்.

போச்சு. அண்ணன் பெயரை எடுத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"போர்டுல ஒரு தப்பும் இல்ல சார். எட்டும் சேந்து எரியும். எரியலேன்னா கடையை மூடிட்டு எங்கண்ணன் கடையிலயே போய் உக்காந்துக்கறேன், போதுமா?"

தெரு முழுக்கக் கேட்டது. சலூன்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து, "எப்ப எரியும் தங்கச்சி?" என்று கேட்டார். சீக்கிரமே எரியும் என்றேன். எப்போது என்று எனக்கு என்ன தெரியும்? கணக்கே போடவில்லையே!

அதே நாள், சாயங்காலம்

கணக்குப் போட்டேன்.

2-ம் 3-ம் ஆறு விநாடிக்கு ஒருமுறை சந்திக்கும். 5-ஐச் சேர்த்தால் 30. 7-ஐச் சேர்த்தால் 210, அதாவது மூன்றரை நிமிடம். இதுவரை நல்ல பிள்ளை. 11 வந்ததும் 2310. முப்பத்தெட்டரை நிமிடம், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். 13 வந்ததும் 30030. எட்டு மணி நேரம் இருபது நிமிடம், ஒரு தூக்கமே போடலாம். 17 வந்ததும் 510510. ஆறு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கேயே எனக்கு வியர்க்க ஆரம்பித்துவிட்டது. ஒன்றை ஒன்று வகுக்காத எண்கள் என்றால் பெருக்கிக்கொண்டே போக வேண்டியதுதான், பாதி வழியில் சந்திக்கிற சமாசாரமே கிடையாது. ஒட்டக் கூடாது என்றுதானே பொறுக்கினேன்? ஒட்டவே மாட்டேன் என்கிறதுகள்.

கடைசியாக 19.

9699690.

கால்குலேட்டர் கெட்டுவிட்டதோ என்று கையால் பெருக்கினேன். அதேதான். தொண்ணூற்றாறு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு விநாடி. நூற்றுப் பன்னிரண்டு நாள், ஆறு மணி நேரம், இருபத்தொரு நிமிடம், முப்பது விநாடி.

நவம்பர் முப்பது, மாலை 6 மணி 21 நிமிடம் 30 விநாடி. ஒரு விநாடி நேரம் எரியும்.

ஐயோ. அண்ணன் சொன்ன நாலு மாசம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

போய்ச் சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? லாண்டரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் எட்டும் எரியும் என்று மெல்லச் சொன்னேன். நான் என்ன ஸ்விட்ச்கிட்டயே குடியிருக்கவா என்றார். சரி, எண்களை மாற்றிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் மனிதர் நிதானமாகச் சிரித்தார். வேண்டாமாம். நானே என் வாயால் சொன்னதாம், நவம்பர் முப்பது வரை பார்ப்பாராம். அன்றைக்கு எரியாவிட்டால் போர்டைக் கழற்றிவிட்டு அண்ணனைக் கூப்பிடுவாராம், நானும் சொன்னபடி நடக்க வேண்டுமாம்.

சலூன்காரர் கண்ணாடியின் மூலையில் சோப்பால் எழுதி வைத்துவிட்டார்: நவம்பர் 30, 6:21:30.

ஒரு விஷயம் முக்கியம். நடுவில் கரண்ட் ஒரு கணம் போனால்கூட எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். நல்லவேளை, போர்டை முதலிலேயே கடையின் இன்வெர்ட்டரோடுதான் இணைத்திருந்தேன். இன்று ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டினேன். ஸ்விட்சுக்குத் தான் காவல் என்று லாண்டரி அக்கா சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 16, சனி

இன்று காலை 9:48-க்கு முதல் ஏழு எழுத்தும் சேர்ந்து எரிய வேண்டும், கணக்கு அப்படி. போய் நின்றேன். எரிந்தது! 'பளிச்சு பளிச்'. லாண்டரிக்காரர் வாயைப் பிளந்துவிட்டார். ஒண்ணுதானே பாக்கி, அடுத்த வாரம் அதுவும் வந்துடும்ல என்றார். அந்த ஒன்றுக்காக இந்த ஆறு நாளைப் பத்தொன்பது தடவை சுற்ற வேண்டும் என்று விளக்கினேன். பாதியிலேயே உள்ளே போய்விட்டார்.

போனில் மணி பார்த்தேன். 9:48:30-க்கு வர வேண்டியது 9:48:40-க்கு வந்தது. போர்டுக்கு மணி தெரியாது, எண்ண மட்டும்தான் தெரியும். கொஞ்சம் நிதானமாக எண்ணுகிறது போல. பத்து விநாடியில் குடியா முழுகிவிடப்போகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சலூனில் ஒரு புது விளையாட்டு. முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர், கண்ணாடியில் தெரியும் போர்டைப் பார்த்துக்கொண்டே, ஒரே நேரத்தில் எத்தனை எழுத்து எரிந்தது என்று சொல்ல வேண்டும். ஐந்து பார்த்தவர் பெருமையாக எழுந்து போகிறார். ஆறு பார்த்தால் அடுத்த ஷேவிங் இலவசம். இதற்காகவே சிலர் மெதுவாக வெட்டச் சொல்கிறார்களாம்.

லாண்டரியிலும் கூட்டம். துணியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலில் அண்ணாந்துகொண்டு நிற்கிறார்கள். லாண்டரிக்காரர் இன்னும் என்னைப் பார்த்தால் கஞ்சி முகம்தான். ஆனால் போன வாரம் இரண்டாவது வாஷிங் மெஷின் வந்து இறங்கியதை நான் பார்த்தேன்.

செப்டம்பர் 3, புதன்

அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி வாய் ஓயாமல் பேசினாள். அண்ணன் போர்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரே சிரிக்கிறது, இவனுக்கு மட்டும் காதில் விழாமலா இருக்கும்? கேட்டுத் தொலைக்கலாமே. கிண்டலாவது பண்ணலாமே.

அவனுடைய சுருட்டை முடியைக் காணோம், ஒட்ட வெட்டியிருக்கிறான். அப்பாவிடமிருந்து வந்த முடி, எண்ணெய் போட்டுப் போற்றி வளர்ப்பான். என்னடா இது என்று கேட்டதற்கு, வெயில் என்றான்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று ஒரு சந்தோஷம்.

சும்மா உட்கார்ந்து என் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். (என் எண் என்றே ஆகிவிட்டது.) 9699690. கடைசிப் பூஜ்யத்தை எடுத்துவிட்டால் 969969. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே! இத்தனை நாளாகக் கண்ணில் படவே இல்லை. 1001-ஐ 969-ஆல் பெருக்கினால் வருவது அதுதான். லாண்டரி அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவள் ஒரு சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். "நடுவுல மடிச்சா கையோட கை சரியாப் பொருந்துது, அவ்வளவுதானே" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சட்டை மண்டையை விட்டுப் போகவில்லை. எண் மட்டும்தானா மடியும்? போர்டு எரிகிற வரிசையும் மடியுமே! முப்பத்தைந்தாவது விநாடியில் ச், சு இரண்டு மட்டும் எரியும், ஏனென்றால் 35-ஐ வகுப்பது 5-ம் 7-ம்தான். என் பெரிய எண்ணை எட்டுமே வகுக்கும். அப்படியானால் அதிலிருந்து 35-ஐக் கழித்தாலும் வகுப்பது அதே 5-ம் 7-ம்தான். ஆக, ஆரம்பித்து 35 விநாடியில் என்ன எரிந்ததோ, முடிவதற்கு 35 விநாடி முன்னாலும் அதுவே எரியும். எல்லா விநாடிக்கும் இதே கதை. பாதி வரை போய், அதே வழியில் திரும்பி வருகிறது.

அதாவது கடைசிப் பத்தொன்பது விநாடியில் பெயர் தலைகீழாக எழுதப்படும். சு, ச், ளி, ப, சு, ச், ளி, ப. அப்புறம் ஒரு விநாடி இருட்டு. அப்புறம் எட்டும். அன்றைக்கு இதைப் பார்த்தால் போதும், வருகிறது என்று தெரிந்துவிடும்.

தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார்.

செப்டம்பர் 27, சனி

போர்டு அடிக்கடி இருட்டாகிவிடுகிறது என்று லாண்டரிக்காரர் புதுப் புகார். கணக்குப் பார்த்தேன், கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு நேரம் இருட்டுதான். கடையில் இருக்கும் இன்னொரு சர்க்யூட்டை ஓடவிட்டு, இருட்டு எப்போதெல்லாம் வருகிறது என்று குறித்தேன். முதல் விநாடியை விட்டுவிட்டால் 23, 29, 31, 37, 41, 43... அட, எல்லாம் பகா எண்! எந்த எழுத்துக்கும் பிடிகொடுக்காத விநாடிதானே இருட்டாகும். எட்டே முக்கால் நிமிடம் வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. 529-ல்தான் ஏமாற்றியது. 23-ஐ 23-ஆல் பெருக்கியது.

லாண்டரிக்காரரிடம், சார், உங்கள் போர்டு இருட்டாகிறபோதுதான் ரொம்ப அறிவாளியாக இருக்கிறது என்றேன். அவர் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

சிரித்ததெல்லாம் போதும் போலிருக்கிறது.

பேக்கரிக்காரர் புதுக்கடைக்கு போர்டு போடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மாதிரிகளை நன்றாகத்தான் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, லாண்டரி போர்டு பண்ணினது நீங்கதானே என்றார். ஆமாம் என்றேன். முடிஞ்சதும் பாக்கலாம்மா என்று மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். என் கடைப்பெயரை நானேதான் அந்த போர்டுக்குக் கீழே ஒட்டினேன்.

அண்ணன் கொடுத்த சாவி மேஜை டிராயரில் கிடக்கிறது. இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். வெச்சுட்டேன். போக மாட்டேன். ஆனா போக வேண்டி வந்தா? அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான், அதுதான் எனக்குத் தாங்காது.

அக்டோபர் 20, திங்கள்

மனசு சரியில்லை என்று சலூன் வாசலில் போய் நின்றேன். சலூன்காரர் என்னைச் சிரிக்கவைக்க ஒரு வாடிக்கையாளர் கதை சொன்னார். வாரம் தவறாமல் வருவாராம். வெட்ட முடியே இல்லை, ஆனாலும் உட்கார்ந்து வெட்டச் சொல்வாராம். நாற்காலியைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பு, போர்டு சரியாத் தெரியலே என்பாராம். எத்தனை எழுத்து என்ற ஆட்டத்திலும் சேருவதில்லை. லாண்டரியில இன்வெர்ட்டர் ஒழுங்கா இருக்கான்னு கேளுங்க என்று மட்டும் இவரைத் தூண்டிவிடுவாராம்.

உலகத்தில் எத்தனை வகைக் கிறுக்கு!

நவம்பர் 10, திங்கள்

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் தலை இப்போது வழுவழு. அண்ணி தலையில் அடித்துக்கொள்கிறாள். இப்போதும் வெயில்தான் காரணமாம். வெளியே அடைமழை.

நவம்பர் 29, சனி

நாளைக்கு. காற்று ஒரு மாதிரி அடிக்கிறது. சோறு இறங்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்குப் புயல்காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது. போனால் போகட்டும், இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றுதான் இருந்தேன். மதியம் தாண்டியும் வரவில்லை. லாண்டரி அக்கா கடையின் மற்ற விளக்கெல்லாவற்றையும் அணைத்துவிட்டு, போர்டை மட்டும் ஓடவிட்டாள். ஐந்தரைக்கு இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீரப்போகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொட்டுகிற மழையில், ஞாயிற்றுக்கிழமையில், பேட்டரிக்கு எங்கே போவேன்? இருபத்தைந்து நிமிடம்கூடத் தாங்காது என்றார் லாண்டரிக்காரர். அவர் குரலிலும் பதற்றம் இருந்தது, அது எனக்கு ஆச்சரியம்.

அப்போது சலூனுக்குள்ளிருந்து ஒரு மொட்டைத்தலை குடையில்லாமல் ஓடி வந்தது. சலூன்காரர் என்னிடம், அந்தக் கிறுக்கு வாடிக்கையாளர் இவர்தான் என்று காட்டினார்.

அண்ணன்.

நேரே தன் வேனுக்குப் போய், ஒரு பெரிய பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அது அவன் கடை பேட்டரி, காலையிலேயே வண்டியில் ஏற்றி வைத்திருக்கிறான். என்னைப் பார்க்கவே இல்லை. "புதுசை மாட்டிட்டுத்தான் பழசைக் கழட்டணும். நீ அந்த ஒயரைப் பிடி" என்றான். பிடித்தேன். பின்னறையில், தண்ணீர் சொட்டச் சொட்ட, இரண்டு பேரும் குனிந்துகொண்டு. மாட்டினான். கழற்றினான். அந்த நேரத்தில் இன்வெர்ட்டரின் சின்ன விளக்கு ஒருதரம் கண்சிமிட்டியது. சிமிட்டியதா, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா? ஓடிப்போய் வாசலைப் பார்த்தேன். போர்டு ஓடிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை விட்டுப்போயிருந்தால் எட்டும் ஒருதரம் எரிந்திருக்கும். அந்த நேரம் யாராவது போர்டைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். மழைக்கு எல்லோரும் உள்ளே ஒதுங்கியிருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

அண்ணனிடம் திரும்பி, "நீ எதுக்குடா இதெல்லாம் பண்றே? நான் தோத்தா உன் கடைக்குத்தானே வரப்போறேன்?" என்று கேட்டேன்.

ஈரத்தலையைத் துடைத்துக்கொண்டான். "நீ வந்தா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா தோத்துப்போய் வரக் கூடாது."

அழுகை வந்துவிட்டது. இதைச் சொல்ல இவனுக்கு நாலு மாசமும் தலைமுடி மொத்தமும் வேண்டியிருந்திருக்கிறது.

ஆறு மணிக்கு மழை விட்டது. தெரு நிறைந்துவிட்டது. பேக்கரிக்காரர்கூட வந்திருந்தார். சலூன்காரர் கண்ணாடியையே கழற்றி வெளியே சாய்த்து வைத்திருந்தார். கரண்ட் இல்லாத தெருவில் போர்டு ஒன்றுதான் வெளிச்சம். 6:20. 6:21. எல்லோர் கையிலும் போன். பத்து, ஒன்பது, எட்டு என்று கூட்டமே எண்ணியது. 6:21:30.

ப மட்டும் எரிந்தது. மற்ற ஏழும் சும்மா இருந்தன.

கூட்டம் ஓய்ந்து, யாரோ உச்சுக் கொட்டினார்கள். 6:22. ஒன்றுமில்லை. எண்ணிக்கை போய்விட்டது, அந்த விளக்கு சிமிட்டியபோதே போய்விட்டது என்று தீர்மானித்துவிட்டேன். லாண்டரிக்காரர் உள்ளே போய் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். இரண்டு பேர் கிளம்பிப் போனார்கள். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நிக்கறேன், அந்தப் பத்து விநாடி ஞாபகம் வருது. முதல் ஏழெழுத்து எரிந்த அன்று பத்து விநாடி தாமதம். ஆறு நாளைக்குப் பத்து விநாடி என்றால் பத்தொன்பது சுற்றுக்கு? நூற்றுத் தொண்ணூறு! மூன்று நிமிடம் பத்து விநாடி!

"ஏணியை எடுங்க சார்! ஆறு இருபத்திநாலு நாப்பது! அதுக்கு முன்னால தொடாதீங்க!"

கிளம்பியவர்கள் திரும்பி வந்தார்கள். லாண்டரிக்காரர் ஏணியில் ஒரு கால் வைத்தபடி நின்றார். 6:24. நான் போனைப் பார்க்கவில்லை, போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'ச்சு' எரிந்தது. இது அந்த முப்பத்தைந்தா? எண்ண ஆரம்பித்தேன். நாலு விநாடியில் ஓர் இருட்டு, அடுத்த இரண்டில் ஒன்று, அடுத்த ஆறில் ஒன்று. 31, 29, 23. அதற்கப்புறம் இருட்டே வரவில்லை. ஏதாவது ஓர் எழுத்து எரிந்துகொண்டே இருந்தது. கடைசி சு தன்னந்தனியாக எரிந்தது. ச். ளி. ப. பெயர் பின்னாலிருந்து வருகிறது! நான் ஒவ்வோர் எழுத்தையும் உரக்கச் சொன்னேன், பக்கத்தில் அண்ணனும் சொன்னான், லாண்டரி அக்கா வாசல் நடுவில் வந்து நின்று சொன்னாள். சு. ச். ளி. ப.

இருட்டு.

பளிச்சு பளிச்சு.

எட்டும். ஒரு விநாடி. அந்தத் தெரு அப்படி வெள்ளையாக எரிந்து நான் பார்த்ததில்லை. ஏணி, கூட்டம், கண்ணாடிக்குள் இன்னொரு கூட்டம், அண்ணன் மொட்டை எல்லாம் பளபளத்தன. பிறகு இருட்டு. பிறகு ப, ளி என்று பெயர் நேராக எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டது, ஒன்றும் நடக்காத மாதிரி.

கத்திய கத்தலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினான். எனக்கு வயது முப்பத்தாறு.

லாண்டரிக்காரர் ஏணியிலிருந்து காலை எடுத்தார். "அவ்வளவுதானா?" என்றார். கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மறுபடி எப்பம்மா?"

மார்ச் இருபத்துமூன்று, நள்ளிரவு தாண்டி முக்கால் மணி சுமாருக்கு என்றேன். இனிமேல் என்ன, எண்களை மாற்றித் தந்துவிடுகிறேன், தினமும் எரியும் என்றும் சொன்னேன். அவர் ஏணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போர்டில் யாரும் கை வைக்கக் கூடாதாம். அலாரம் வைத்துக்கொள்வாராம்.

டிசம்பர் 1, திங்கள்

மத்தியானம் வரை தூங்கினேன். கடை வாசலில் பேக்கரிக்காரர் காத்திருந்தார்.

டிசம்பர் 9, செவ்வாய்

பேக்கரிக்காரருக்கும் பெரிய எண் வேண்டுமாம், அவர் மகள் பிறந்தநாளன்று மட்டும் முழுப்பெயரும் எரிகிற மாதிரி. அதற்குத் தோதான எண்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சலூன்காரரும் ஒரு போர்டு சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரே நிபந்தனை, அவர் ஆயுசுக்குள் எரிய வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

அண்ணன் இன்று என் கடைக்கு வந்தான், முதல் தடவையாக. ஒரு தியேட்டர் வேலை வந்திருக்கிறது, எழுத்தெல்லாம் தான் வெட்டுவதாகவும் சர்க்யூட் நான் போட வேண்டும் என்றும் கேட்டான். என்ன கூலி என்று கறாராகக் கேட்டேன். முறைத்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். டிராயரைத் திறந்து அந்தச் சாவியை நீட்டினேன். நீயே வெச்சுக்கோ, என் சாவி தொலைஞ்சா யார்கிட்ட போய் நிக்கறது என்றான்.

சாயங்காலம் சலூன்காரர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு நல்ல வாடிக்கையாளர் ஆறு வாரமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையாம். எனக்குத் தெரியும். டீ குடிக்கும்போது கவனித்தேன். அண்ணன் தலையில் முடி வளர்ந்து, காதோரம் சுருள ஆரம்பித்திருக்கிறது.